விண்வெளிப் படங்களில் யாரை ஏற்றுகிறார்கள், யாரை வழியில் இறக்கிவிடுகிறார்கள்

கேள்வி இதுதான்: "இப்போது வருகிற ஹாலிவுட் விண்வெளிப் படங்களில் கலத்துக்குள் ஒரு கறுப்பர், ஒரு சீனர், ஒரு இந்தியர், இரண்டு பெண்கள் என்று கணக்குப் பார்த்து ஆள் போடுகிறார்கள். இது கதைக்குத் தேவையா, ஊருக்குக் காட்டவா? பழைய படங்களில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே. அப்புறம், இந்த விஷயத்தை ஒழுங்காகச் செய்த படம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்."

கணக்குப் பார்த்து ஆள் போடுவது நடக்கிறதுதான், மறுக்க முடியாது. போஸ்டரில் ஆறு முகம், ஆறும் ஆறு நிறம், படத்தில் பார்த்தால் அதில் நான்கு பேருக்குச் சேர்த்து ஒரு பக்க வசனம்கூட இருக்காது. ஆனால் பழைய படங்களில் கணக்கே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கேயும் கணக்கு இருந்தது, விடை எப்போதும் ஒன்றாகவே வந்ததால் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான். எனக்குத் தலை எண்ணுவதில் பெரிய ஆர்வம் கிடையாது. எழுத்தில் இருந்த ஒரு பாத்திரம் திரைக்கு வரும்போது என்ன ஆகிறது, கலத்தில் முடிவெடுப்பது யார், ஆபத்து வந்தால் முதலில் சாவது யார் என்றுதான் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் போஸ்டர் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது.

இதில் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் ஒரு தமிழர். கற்பனைத் தமிழர்தான். குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' பார்த்தவர்களுக்கு ஹால் என்ற கம்ப்யூட்டரைத் தெரிந்திருக்கும், கலத்தில் இருந்தவர்களையே கொன்ற கம்ப்யூட்டர். அந்தக் கதையின் தொடர்ச்சியாக ஆர்தர் சி. கிளார்க் 1982-இல் ஒரு நாவல் எழுதினார். அதில் ஹாலை உருவாக்கியவரின் முழுப்பெயர் டாக்டர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. இலங்கைத் தமிழர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பார்க்கிற மாதிரி பெயர். கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர், 2008-இல் கொழும்பில்தான் இறந்தார், அதனால் இந்தப் பெயரை அவர் எங்கே பிடித்தார் என்று பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நாவலில் எல்லாரும் அவரைச் சந்திரா என்று சுருக்கித்தான் கூப்பிடுகிறார்கள். லியோனோவ் என்ற சோவியத் கலத்தில் ஏறி வியாழனுக்குப் போய், அணைந்து கிடக்கிற ஹாலை மறுபடி எழுப்பி, அது ஏன் அப்படி நடந்துகொண்டது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை.

1984 டிசம்பரில் இது '2010' என்ற பெயரில் படமாக வந்தது, இயக்கம் பீட்டர் ஹயம்ஸ். படத்தில் அவர் 'டாக்டர் ஆர். சந்திரா'. நடித்தவர் பாப் பாலபன், அமெரிக்க வெள்ளை நடிகர். சிவசுப்பிரமணியனும் இல்லை, பிள்ளையும் இல்லை.

சின்ன வேடமாக இருந்தால் நான் இவ்வளவு இழுக்க மாட்டேன். படத்தின் ஆகச்சிறந்த காட்சியே அவருடையதுதான். மனிதர்கள் தப்பிக்க வேண்டுமானால் ஹால் இருக்கிற டிஸ்கவரி கலத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும், அது அழிந்துவிடும். இதை ஹாலிடம் சொன்னால் மறுபடி 2001 மாதிரி ஏதாவது செய்துவிடுமோ என்று மற்றவர்களுக்குப் பயம், பொய் சொல்லச் சொல்கிறார்கள். கடைசி நிமிடங்களில் ஹால் கேள்வி மேல் கேள்வி கேட்கிறது, சந்திரா தாங்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறார். உண்மையைச் சொன்னதற்கு ஹால் நன்றி சொல்கிறது. பாலபன் கண் கலங்க நிற்கிறார். நன்றாகத்தான் நடித்திருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் வருத்தம் என்னவென்றால், ஹாலிவுட் எடுத்த பெரிய விண்வெளிப் படம் ஒன்றில் மனசாட்சி உள்ள ஆளாக ஒரு தமிழன் இருந்திருக்க வேண்டிய இடம் அது, பெயரில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை இறக்கிவிட்டார்கள்.

"அந்தக் காலத்தில் ஆள் கிடைத்திருக்காது" என்பார்கள். அதே படத்தில் சோவியத் கலத்தின் கேப்டன் ஹெலன் மிர்ரன், அவருடைய அப்பா ரஷ்யாவில் பிறந்தவர். அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களாக சோவியத் நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த நிஜ நடிகர்களைத் தேடிப் பிடித்துப் போட்டார்கள், எல்யா பாஸ்கின், சவேலி க்ரமாரோவ் என்று. அதுவும் பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில். ஆக, ரஷ்யனுக்கு ரஷ்யன் வேண்டும் என்ற யோசனை அவர்களுக்கு வந்திருக்கிறது. இந்திய நடிகர்களும் ஹாலிவுட்டுக்குத் தெரியாதவர்கள் இல்லை, அதே 1984-இல் இண்டியானா ஜோன்ஸ் படத்தில் அம்ரிஷ் பூரி நடித்தார். என்ன வேடம்? நரபலி கொடுக்கிற பூசாரி. இதையெல்லாம் விட வேடிக்கை, அந்த வருடம் ஏப்ரல் மாதம்தான் ராகேஷ் சர்மா நிஜமான சோவியத் விண்கலத்தில் ஏறி விண்வெளிக்குப் போய் வந்தார். சோவியத் கலத்தில் ஓர் இந்தியர் என்பதை நிஜ உலகம் ஏப்ரலிலேயே காட்டிவிட்டது, டிசம்பரில் வந்த படத்துக்கு அது கைகூடவில்லை.

புத்தகத்திலிருந்து படத்துக்கு வரும் வழியில் ஆட்கள் காணாமல் போவது இதோடு நிற்கவில்லை. கார்ல் சேகனின் 'கான்டாக்ட்' நாவலில் வேற்றுலகத்தார் அனுப்பிய வரைபடத்தை வைத்துக் கட்டிய இயந்திரத்தில் ஐந்து பேர் போகிறார்கள்: அமெரிக்கப் பெண் விஞ்ஞானி எல்லி, ஒரு ரஷ்யர், ஒரு சீனர், நைஜீரிய இயற்பியலாளர் எடா, இந்தியாவைச் சேர்ந்த தேவி சுகாவதி. பூமிக்கு வந்த செய்தி எல்லாருக்குமானது, அதனால் போகிறவர்களும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது சேகனின் எண்ணம். 1997-இல் வந்த படத்தில் ஜோடி ஃபாஸ்டர் மட்டும் தனியாகப் போகிறார். ஒரே ஆள் போய் வந்தால்தான் "நீ சொல்வதை யார் நம்புவது" என்ற கேள்வி கூர்மையாக வரும், திரைக்கதைக்கு அது நல்லது, அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. நாவலில் அமெரிக்க ஜனாதிபதியும் ஒரு பெண். படத்தில் அந்த இடத்தில் நிஜ பில் கிளிண்டனின் செய்திக் காட்சிகளை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதற்கு எந்தத் திரைக்கதை நியாயமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கென்ட் என்ற பார்வையற்ற விஞ்ஞானியைப் படத்தில் முக்கியமான ஆளாக வைத்திருந்தார்கள், வானத்திலிருந்து வருகிற சத்தத்தை மற்றவர்களை விடக் கூர்மையாகக் கேட்கிறவர். கென்ட் கல்லர்ஸ் என்ற நிஜ விஞ்ஞானியை வைத்து எழுதியது, அவரும் பிறவியிலிருந்தே பார்வையற்றவர், வேற்றுலகச் சமிக்ஞை தேடுகிற வேலையில்தான் இருந்தார். அனுதாபம் தேடாமல் வேலைக்காரனாகக் காட்டினார்கள், அது எனக்குப் பிடித்தது.

'தி மார்ஷியன்' கொஞ்சம் சிக்கலான கேஸ். நாவலில் நாசாவின் செவ்வாய்ப் பயணங்களுக்குப் பொறுப்பாக இருப்பவர் வெங்கட் கபூர். (வெங்கட்டும் கபூரும் ஒரே பெயரில் எப்படி என்று நம் ஊரில் கேட்கத்தான் செய்வார்கள், நாவலாசிரியர் ஆண்டி வியருக்கு அந்த நுணுக்கம் தெரிந்திருக்காது, விட்டுவிடலாம்.) 2015-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த படத்தில் அவர் வின்சென்ட் கபூர், நடித்தவர் சிவெடல் எஜியோஃபர், நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். முதலில் இர்ஃபான் கானைத்தான் கேட்டார்கள், அவரால் தேதி கொடுக்க முடியவில்லை. ஒரு காட்சியில் சக அதிகாரி அவரிடம் கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்பார். நாவலில் வெங்கட், தான் இந்து, தனக்கு நிறையக் கடவுள்கள் உண்டு என்று போகிற போக்கில் சொல்வார், சிரிப்பு வரும். படத்தில் வின்சென்ட், அப்பா இந்து, அம்மா பாப்டிஸ்ட் கிறிஸ்தவர், அதனால் பல கடவுள்களை நம்புகிறேன் என்கிறார். கபூர் என்ற குடும்பப்பெயர் இவருக்கு எப்படி வந்தது என்று கேட்கக்கூடிய பார்வையாளனுக்கு இந்த ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டார்கள். கிண்டல் போகவில்லை, ஆளும் கோமாளி ஆகவில்லை.

இதை 2010 படத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது என் கருத்து. இங்கே இந்தியரை எடுத்துவிட்டு வெள்ளையரைப் போடவில்லை, செவ்வாய்த் திட்டத்தின் தலைவராக ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்திருக்கிறார், முடிவெடுக்கிறார், மேலதிகாரியோடு சண்டை போடுகிறார். ஆனாலும் அமெரிக்காவில் இருக்கிற ஆசிய வம்சாவளியினர் அமைப்பொன்று எதிர்ப்புத் தெரிவித்தது, கபூருக்காகவும், மிண்டி பார்க் என்ற பாத்திரத்துக்காகவும். பார்க் என்ற குடும்பப்பெயரைப் பார்த்துப் பல வாசகர்கள் கொரியப் பெண் என்று எடுத்துக்கொண்டார்கள், படத்தில் நடித்தவர் மெக்கன்ஸி டேவிஸ், பொன்னிற முடி. ஒரே படத்தில் இரண்டு முறை நடந்தால் தற்செயல் என்று சொல்வது கஷ்டம்தான். அதே படத்தில் பெண் கமாண்டர் இருக்கிறார், சீன விண்வெளி நிறுவனம் வந்து உதவுகிறது, எல்லாம் இருந்தும் பெயர்களில் சறுக்கிவிட்டது.

சரி, "பழைய படங்களில் இந்தத் தொல்லை இல்லையே" என்பதற்கு வருகிறேன்.

2001 படம் வந்தது 1968-இல். அதில் எதிர்காலத்தை எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். திரையில் முகம் பார்த்துப் பேசுகிற போன் உண்டு, எடையின்மையில் கழிப்பறை எப்படிப் பயன்படுத்துவது என்று சுவரில் நீளமாக ஒட்டியிருக்கிற அறிவிப்பு உண்டு, சுழன்று செயற்கை ஈர்ப்பு தருகிற நிலையம் உண்டு. பெண்கள்? தரையில் ஒட்டிக்கொள்கிற காலணி போட்டுக்கொண்டு, தலைகீழாகச் சுவரில் நடந்து, சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். சோவியத் விஞ்ஞானிகளாகச் சில பெண்கள் வந்து சோபாவில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் வியாழனுக்குப் போகிற டிஸ்கவரியில் ஐந்து பேரும் வெள்ளை ஆண்கள். வாலென்டினா தெரெஷ்கோவா 1963-லேயே விண்வெளிக்குப் போய் வந்துவிட்டார். 33 வருடம் முன்னால் போய் யோசித்தவர்களுக்கு ஐந்து வருடம் முன்னால் நடந்தது கண்ணில் படவில்லை.

இதே காலத்தில்தான் தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' ஓடிக்கொண்டிருந்தது, 1966 முதல் 1969 வரை. அங்கேயும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. முதலில் எடுத்த மாதிரி எபிசோடில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி ஒரு பெண். என்பிசி தொலைக்காட்சி அந்த எபிசோடை ஏற்கவில்லை, இரண்டாவதாக எடுத்ததில் அந்தப் பாத்திரமே கிடையாது. ஆனால் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக கறுப்பின நடிகை நிஷெல் நிகோல்ஸ் வந்தார், சூலு என்ற அதிகாரியாக ஜப்பானிய வம்சாவளி நடிகர் ஜார்ஜ் டகே வந்தார். முதல் சீசன் முடிந்ததும் நிகோல்ஸ் நாடக மேடைக்குத் திரும்பிவிட நினைத்தார். ஒரு நிகழ்ச்சியில் மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்து, போகாதே, உன்னைப் போல ஒருத்தியை அந்த இடத்தில் பார்ப்பது எங்களுக்கு எவ்வளவு முக்கியம் தெரியுமா என்று தடுத்ததாகப் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

உஹுராவின் வேலை பெரும்பாலும் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு "அழைப்பு வருகிறது கேப்டன்" என்று சொல்வதுதான், இன்றைக்குப் பார்த்தால் கடுப்பாகக்கூட இருக்கும். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். 1977-இல் நாசா ஸ்பேஸ் ஷட்டிலுக்கு ஆள் தேடியபோது பெண்களும் கறுப்பினத்தவரும் விண்ணப்பிக்கத் தயங்குகிறார்கள் என்று தெரிந்து, நிகோல்ஸையே பிரசாரத்துக்கு அழைத்தது. 1978-இல் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள், 3 பேர் கறுப்பின ஆண்கள், ஒருவர் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். அமெரிக்காவின் முதல் விண்வெளிப் பெண் சாலி ரைடும், அமெரிக்காவின் முதல் கறுப்பின விண்வெளி வீரர் கை ப்ளூஃபோர்டும் அந்த அணியில் வந்தவர்கள்தான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் மே ஜெமிசன், 1992-இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண், சிறுவயதில் உஹுராவைப் பார்த்து வளர்ந்தவர். அடுத்த வருடம் அவரே ஸ்டார் ட்ரெக்கின் ஒரு எபிசோடில் வந்து நடித்துவிட்டுப் போனார். "ஊருக்குக் காட்டவா" என்று கேட்டீர்களே, ஆமாம், காட்டத்தான், பார்த்தவர்களில் சிலர் நிஜமாகவே ராக்கெட்டில் ஏறிவிட்டார்கள்.

"அப்போது நாசாவிலேயே வெள்ளை ஆண்கள்தானே இருந்தார்கள், படம் நிஜத்தைத்தானே காட்டியது" என்று ஒரு வாதம் வரும். அந்த நிஜம் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1959-இல் முதல் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தபோது ராணுவ ஜெட் டெஸ்ட் பைலட்டாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெண்களை ராணுவம் ஜெட் ஓட்ட விடவே இல்லை, அதோடு கதை முடிந்தது. யாரும் எங்கேயும் "பெண்களுக்கு இடமில்லை" என்று எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. அதே மருத்துவச் சோதனைகளில் 13 பெண்கள் தனியார் முயற்சியில் தேறிக் காட்டினார்கள், 1962-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வரைக்கும் விஷயம் போனது. அங்கே சாட்சி சொன்ன விண்வெளி வீரர் ஜான் க்ளென், பெண்கள் இந்தத் துறையில் இல்லாதது நம் சமூக அமைப்பின் நிலை என்கிற பொருளில் பேசிவிட்டு வந்தார். எட் ட்வைட் என்ற கறுப்பின விமானப்படை அதிகாரி பைலட்டாகவே இருந்தார், பயிற்சியும் முடித்தார், அவரையும் எடுக்கவில்லை. கடைசியில் 2024 மே மாதம் தன் 90 வயதில் ப்ளூ ஆரிஜின் ராக்கெட்டில் சில நிமிடம் போய் வந்தார். பூட்டின கதவுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று படம் பிடித்துவிட்டு அதற்கு யதார்த்தம் என்று பெயர் வைத்தால் எப்படி?

ஒழுங்காகச் செய்த படங்கள் என்று கேட்டால், 1979-இல் வந்த 'ஏலியன்' முதலில். அதன் திரைக்கதையிலேயே ஒரு குறிப்பு இருந்தது: எல்லாப் பாத்திரங்களையும் ஆணோ பெண்ணோ யாரும் நடிக்கலாம். அதனால்தான் சிகர்னி வீவர் நடித்த ரிப்ளி "பெண் கதாநாயகி" மாதிரி நடந்துகொள்வதில்லை. தொற்று இருக்கிற ஆளைக் கலத்துக்குள் விடக்கூடாது, விதி அதுதான் என்று கதவருகே நின்று சொல்கிற முதல் ஆள் அவர், யாரும் கேட்கவில்லை, பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்தப் படத்தில் இன்னும் பிடித்தது, விண்கலத்தில் வர்க்கம் இருப்பதைக் காட்டியது. கீழ்த்தளத்தில் எஞ்சின் வேலை பார்க்கிற பார்க்கரும் ப்ரெட்டும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் எடுக்கிற பேச்சு போனஸ் பற்றியது, மற்றவர்களுக்குக் கிடைப்பதில் பாதி எங்களுக்கு ஏன் என்று. பார்க்கராக நடித்த யாஃபெட் கோட்டோ கறுப்பினத்தவர். அங்கே யாரும் இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, சம்பளத்தைப் பற்றித்தான் பேசினார்கள், கேட்கிறவனுக்கு எல்லாம் புரிந்தது.

அடுத்தது டேனி பாயிலின் 'சன்ஷைன்', 2007. அணைந்துகொண்டிருக்கிற சூரியனை மறுபடி எரியவைக்க எட்டுப் பேர் போகிறார்கள். கேப்டன் ஜப்பானிய நடிகர் ஹிரோயுகி சனாடா, கலத்துக்குள் தோட்டம் வைத்து ஆக்சிஜனைப் பார்த்துக்கொள்வது மிஷெல் யோ, மனநல மருத்துவராக நியூசிலாந்தின் மாவோரி நடிகர் கிளிஃப் கர்ட்டிஸ். இந்த ஆள் சேர்க்கைக்குப் பின்னால் ஒரு யோசனை இருந்தது, கதை நடப்பது 2057-இல், அப்போது இப்படி ஒரு கலத்தை அனுப்பப் பணமும் வசதியும் உள்ள நாடுகளில் ஆசிய நாடுகளும் இருக்கும், அதனால் எட்டுப் பேரில் மூன்று பேர் ஆசிய முகங்கள். பாவம் பார்த்துப் போட்ட ஆட்கள் இல்லை. ஒரே குறை, சாவு வரிசையில் கேப்டன்தான் முதலில் போகிறார், கலத்தைச் சூரிய வெப்பத்திலிருந்து காக்கிற கேடயத்தைச் சரிசெய்யப் போய் வெயிலில் கருகி. நல்ல காட்சிதான், ஆனாலும் எனக்கு உறுத்தும்.

சாவு வரிசை என்றதும் 'கிராவிட்டி' நினைவுக்கு வருகிறது. 2013-இல் வந்தது, சாண்ட்ரா புல்லக் ஒருவரே தனியாகத் தாங்குகிற படம், ஒரு பெண்ணை மையமாக வைத்து அவ்வளவு பெரிய செலவில் எடுத்ததற்குப் பாராட்ட வேண்டும். ஆரம்பத்தில் இன்னொரு விண்வெளி வீரர் இருக்கிறார், ஷரீஃப், பேச்சிலேயே இந்தியர் என்று தெரியும். கயிற்றில் கட்டிக்கொண்டு குதித்துக் கூத்தடித்தபடி 'மேரா ஜூதா ஹை ஜப்பானி' பாடுகிறார். ராஜ் கபூர் பாட்டு விண்வெளியில் கேட்கிறதே என்று தியேட்டரில் நமக்கெல்லாம் ஒரே சந்தோஷம். முகத்தை நாம் சரியாகப் பார்ப்பதற்குள் விண்வெளிக் குப்பை வந்து மோதி ஆள் காலி, அடுத்து நாம் பார்க்கும்போது மிதக்கிற குடும்பப் புகைப்படம்தான் மிச்சம். ஒரு பாட்டு, ஒரு புகைப்படம், இதற்குத்தான் அந்த இந்தியர் தேவைப்பட்டார்.

நிஜக் கதைகளை எடுக்கும்போதும் இது நடக்கிறது. 'ஹிடன் ஃபிகர்ஸ்' அறிவியல் புனைவு இல்லை, ஆனாலும் சொல்கிறேன். 1960-களில் நாசாவில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களைப் பற்றிய 2016 படம். அதில் கேத்தரின் ஜான்சன் கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறையைத் தேடி மழையில் இன்னொரு கட்டடத்துக்கு ஓடுகிறார், விஷயம் தெரிந்ததும் வெள்ளை மேலதிகாரி கெவின் காஸ்ட்னர் கடப்பாரையால் பெயர்ப்பலகையை உடைக்கிறார், தியேட்டரில் கைதட்டல். நிஜத்தில் ஜான்சன் பலகை இல்லாத கழிப்பறைக்குப் போய்க்கொண்டே இருந்தார், யாரையும் கேட்கவில்லை. அந்த மேலதிகாரியும் கற்பனைப் பாத்திரம். ஒரு பெண் அலட்டிக்கொள்ளாமல் தானே செய்த மீறலை எடுத்து ஓர் ஆணுக்கு வீரக்காட்சியாகக் கொடுத்துவிட்டார்கள்.

ஹாலிவுட்டை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது, நம் பக்கமும் இதேதான். 2019-இல் வந்த 'மிஷன் மங்கள்' இந்தியாவின் செவ்வாய்க் கலமான மங்கள்யான் பற்றிய இந்திப் படம், பெண் விஞ்ஞானிகளின் கதை என்று சொல்லி விற்றார்கள், போஸ்டரில் பெரிய முகம் அக்ஷய் குமார். நிஜ மங்கள்யானில் திட்ட இயக்குநர்களாகப் பெயர் வந்த இருவரும், மயில்சாமி அண்ணாதுரையும் சு. அருணனும், தமிழ்நாட்டுக்காரர்கள். படத்தில் தலைவர் பெயர் ராகேஷ் தவான். கற்பனை கலந்தது என்று முன்னாலேயே அறிவித்துவிட்டார்கள், சட்டப்படி சரி, ஆனால் கற்பனை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். வித்யா பாலனுக்கு எரிபொருள் மிச்சம் பிடிக்கிற யோசனை பூரி சுடும்போது வருகிறது, எண்ணெய் காய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அந்தச் சூட்டிலேயே சுடலாம் என்று. நிஜத்தில் ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் போன்றவர்கள் செய்தது, சக்தி குறைந்த பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏறிய கலத்தைப் பூமியைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, 2013 டிசம்பர் 1 அன்று செவ்வாயை நோக்கித் தள்ளியது. அதைக் காட்டச் சமையலறைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

தமிழில் வரலாறு கொஞ்சம் ஜாலியானது. தெரெஷ்கோவா பறந்த அதே 1963-இல் எம்.ஜி.ஆர் நடித்த 'கலை அரசி' வந்தது. ஏதோ ஒரு வேற்றுக்கிரகத்தில் சங்கீதம் இல்லையாம், அதனால் பூமியில் நன்றாகப் பாடுகிற பானுமதியை நம்பியார் பறக்கும் தட்டில் கடத்திக்கொண்டு போகிறார். வேற்றுக்கிரகவாசிகள் எல்லாரும் நல்ல தமிழ் பேசுகிறார்கள், அதை யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்க மாட்டேன். பிறகு 2018-இல் 'டிக் டிக் டிக்', இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம் செய்தார்கள். கலத்தில் நம் ஆட்கள், பெண் ராணுவ அதிகாரியாக நிவேதா பெத்துராஜும் போகிறார், நல்லது. எதிரி நாட்டு விண்வெளி நிலையத்தின் கேப்டன் பெயர் லீ வெய், நடித்தவர் சிங்கப்பூரில் பிறந்த மலாய் நடிகர் ஆரோன் அஸீஸ். சந்திராவுக்கு பாலபனைப் போட்டார்கள் என்று கொதிக்கிற நாம், லீ வெய்க்கு ஒரு மலாய்க்காரரைப் போட்டபோது கவனிக்கவே இல்லை. யார் படம் எடுக்கிறார்களோ அவர்களுக்குத் தங்கள் முகம் மட்டும் துல்லியமாகத் தெரியும், மற்றவர்கள் எல்லாம் தோராயம்.

நிஜத்திலும் பழைய நிபந்தனை போய்விடவில்லை. இந்தியா மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அறிவித்த நான்கு பேரும் விமானப்படை டெஸ்ட் பைலட்டுகள், நான்கு பேரும் ஆண்கள். இந்திய விமானப்படையில் பெண்கள் போர் விமானிகளாகச் சேர்ந்ததே 2016-இல்தான், டெஸ்ட் பைலட் ஆக அதற்கு மேல் பல வருடம் ஆகும், ஆக அமெரிக்காவின் 1959 கணக்குதான் இங்கேயும். ஆளில்லாப் பயணத்தில் அனுப்பத் திட்டமிட்ட வியோமித்ரா என்ற ரோபோவுக்கு மட்டும் பெண் உருவம் கொடுத்தார்கள். விண்வெளி நிறுவனத்துக்காவது பறந்த நேரம், சான்றிதழ் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சினிமாக்காரருக்கு அது எதுவும் தேவையில்லை, பேப்பரில் எழுதினால் யாரும் ஏறலாம்.

பார்க்கிற வரிசை கேட்டால்: முதலில் 'ஏலியன்', அப்புறம் 'சன்ஷைன்'. 2010 படத்தை நாவலோடு சேர்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் என்ன போனது என்று தெரியாது. நேரம் இருந்தால் 1986-இல் வந்த நான்காவது ஸ்டார் ட்ரெக் படமும். அதில் ஒரு விண்கலத்துக்கு மேட்ஜ் சின்க்ளேர் என்ற கறுப்பின நடிகை கேப்டனாக வருகிறார், நிஜ நாசாவில் ஒரு பெண் ஷட்டிலுக்குக் கமாண்டர் ஆக 1999 வரை ஆனது. இன்னொரு கலத்தின் கேப்டன் திரையில் தோன்றி, மின்சாரம் முழுக்கப் போய்விட்டது, எங்கள் எஞ்சினியர் தற்காலிகமாகச் சூரியப் பாய்மரம் விரிக்கப் பார்க்கிறார் என்று பதறாமல் தகவல் சொல்வார். சில நொடிகள்தான், தவறவிடாதீர்கள், அது நம் சென்னை டென்னிஸ்காரர் விஜய் அமிர்தராஜ்.